தேவாலயத்தில் பிறந்த ராக்கெட்: தும்பா அருங்காட்சியகத்துக்குக் குடும்பத்தோடு ஒரு நாள்

ஆகாயத்தில் விமானச் சத்தம் கேட்டால் போதும், சாப்பிட்ட கையோடு முற்றத்துக்கு ஓடிவந்து அண்ணாந்து பார்க்காத குழந்தை உண்டா? திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் குழந்தைகள் இந்த விஷயத்தில் கொடுத்து வைத்தவர்கள். சங்குமுகம் மணலில் உட்கார்ந்து, கடலை கொறித்துக்கொண்டே, தாழப் பறந்து வந்து இறங்கும் விமானங்களை எண்ணிக்கொண்டிருக்கலாம். 1935-ம் ஆண்டிலேயே பம்பாயிலிருந்து டாட்டா கம்பெனியின் விமானம் வந்து இறங்கிய ஊர் இது. அன்று அதைப் பார்த்தவர்கள் பேரன் பேத்திகளிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்திருப்பார்கள்.

விமானம் பார்த்துப் பழகிவிட்ட குழந்தை அடுத்தபடியாக ஒரு கேள்வி கேட்கும். "அப்பா, விமானத்துக்கும் மேலே என்ன போகும்?"

அதற்குப் பதில் சொல்லும் இடம் இதே கடலோரத்தில், சங்குமுகத்துக்கு வடக்கே, தும்பாவில் இருக்கிறது. விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் அருங்காட்சியகம் அது. பள்ளி விடுமுறை விட்டால் கரமனை, வலியசாலை, சாலைக் கடைத்தெருப் பக்கங்களிலிருந்தும், நாகர்கோவில், மார்த்தாண்டம் போன்ற ஊர்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாக அங்கே போகிறார்கள். ராக்கெட் மாதிரிகளின் முன்னால் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். செயற்கைக் கோள்களைச் சுற்றிப் பார்க்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் வெளியே வந்து, "அடுத்து வேளி காயலுக்குப் போகலாமா?" என்று கிளம்பி விடுகிறார்கள்.

அப்படிக் கிளம்புகிறவர்களில் பலர், அங்குள்ளவற்றில் எல்லாம் மிகப் பெரிய காட்சிப் பொருளைக் கவனிக்காமலே திரும்புகிறார்கள். அது கண்ணாடிப் பெட்டிக்குள் இல்லை, புல்வெளியிலும் இல்லை. அவர்கள் உள்ளே நுழைந்து வெளியே வந்த அந்தக் கட்டடமே அது!

அருங்காட்சியகம் இருப்பது ஒரு மாதா கோவிலில். புனித மகதலேனா மரியாள் தேவாலயம் என்பது அதன் பெயர். பள்ளித்துறை என்னும் மீனவக் கிராமத்து மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தொழுத இடம். தங்கள் கோவிலையும், குடியிருந்த வீடுகளையும் அவர்கள் விட்டுக்கொடுத்ததால்தான் இந்தியாவின் விண்வெளிப் பயணம் தொடங்கிற்று. பிள்ளைகளுக்கு முதலில் சொல்லவேண்டிய கதை இதுதான்.

காந்தம் காட்டிய இடம்

இந்தியாவின் கடற்கரை ஏழாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கிறது. அப்படியிருக்க, 1962-ல் விஞ்ஞானிகள் இந்தச் சின்னக் கிராமத்தைத் தேடி வந்தது ஏன்?

பூமிக்கு நடுவே ஒரு கோடு இருப்பதாகப் பள்ளிப் புத்தகத்தில் படிக்கிறோம். அது பூமத்திய ரேகை. பூமி ஒரு பெரிய காந்தமும் ஆகும். அந்தக் காந்தத்துக்கும் தனியாக ஒரு நடுக்கோடு உண்டு. திசைகாட்டும் காந்த ஊசியைத் தடையின்றித் தொங்கவிட்டால், அந்தக் கோட்டின் மேல் அது எந்தப் பக்கமும் தலை சாயாமல் தராசு முள் போலச் சமமாக நிற்கும். அந்தக் காந்த நடுக்கோடு தும்பாவுக்கு வெகு அருகில் போகிறது.

இந்தக் கோட்டுக்கு மேலே, சுமார் நூறு கிலோமீட்டர் உயரத்தில், பகல் நேரத்தில் ஒரு மின்னோட்டம் ஆறுபோல ஓடுகிறது. அதை ஆராய உலக விஞ்ஞானிகள் ஆவலாக இருந்தார்கள். ஆனால் அந்த உயரம் ஓர் இசகுபிசகான உயரம். பயணிகள் விமானம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் போவதில்லை. வாயு நிரப்பிய பலூன் நாற்பது கிலோமீட்டர் வாக்கில் நின்றுவிடும். செயற்கைக் கோளோ அத்தனை தாழ்வில் சுற்றினால் காற்றோடு உரசி எரிந்துபோகும். கீழேயிருந்து போகிறதும் எட்டாது. மேலேயிருந்து வருவதும் தங்காது. சிறிய ஆய்வு ராக்கெட் ஒன்றுதான் அந்த உயரத்துக்குப் போய், சில நிமிடங்கள் அளந்து, சேதி அனுப்பிவிட்டு விழ முடியும். அதை ஏவுவதற்கு இந்தக் கோட்டின் மேலேயே ஓர் இடம் வேண்டும். பக்கத்தில் ராக்கெட் விழுவதற்குக் கடலும் வேண்டும். இரண்டும் கூடி வந்த இடம் தும்பா.

இந்திய விண்வெளித் திட்டத்தின் தந்தை என்று போற்றப்படும் டாக்டர் விக்ரம் சாராபாய் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். ஆனால் தேர்ந்தெடுத்த இடத்தின் நடுவில் தேவாலயம் இருந்தது. சுற்றிலும் நூற்றுக்கணக்கான மீனவர் குடிசைகள். கல்லறையில் அவர்களுடைய முன்னோர்கள்.

"கேட்டுச் சொல்கிறேன்"

சாராபாய், பிஷப் பீட்டர் பெர்னார்ட் பெரைராவைப் போய்ப் பார்த்தார். பிறகு நடந்ததை அப்துல் கலாம் தமது சொற்பொழிவுகளில் பலமுறை கூறியிருக்கிறார். பிஷப் உடனே சரி என்றும் சொல்லவில்லை; முடியாது என்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வரும்படி சொன்னார். அன்று கூடியிருந்த மக்களிடம் விஷயத்தை எடுத்து வைத்தார். விஞ்ஞானமும் ஆன்மிகமும் மனிதனுடைய நன்மையைத் தேடுவனவே என்று விளக்கி, கடவுளின் வீட்டையும், அவரவர் வீட்டையும் ஒரு விஞ்ஞானப் பணிக்காகக் கொடுக்கலாமா என்று கேட்டார். கூட்டம் "ஆமென்" என்றது.

இந்தக் காலத்தில் ஒரு சாலையை ஐந்தடி அகலப்படுத்துவதற்கே ஆண்டுக்கணக்கில் வழக்கு நடப்பதைப் பார்க்கிறோம். கடலை நம்பி வாழும் மீனவனுக்கு வீடு என்பது நான்கு சுவர் மட்டும் அல்ல. வள்ளம் தள்ளும் துறை, வலை காயும் மணல், கரையில் நின்று கடல் பார்க்கும் இடம் எல்லாம் சேர்ந்ததே அவனுக்கு வீடு. அதை விட்டுப் போவது எளிதான காரியம் அல்ல. ஆனாலும் மக்கள் பெயர்ந்தார்கள். புதிய இடத்தில் அவர்களுக்குக் கோவில் எழும்பிற்று. பழைய கோவில் விஞ்ஞானிகள் கைக்கு வந்தது.

வந்ததும் என்ன நடந்தது? இடிக்கவில்லை. பூசை நடந்த கூடமே ஆய்வுக்கூடம் ஆயிற்று. பிஷப்பின் அறை, வரைபடம் போடும் அறை ஆயிற்று. மாட்டுக் கொட்டகை பட்டறை ஆயிற்று. ராக்கெட்டின் பாகங்கள் சைக்கிளின் பின்னால் வைத்து உருட்டிச் செல்லப்பட்டன. அந்தப் படத்தை இன்று பார்க்கும் பிள்ளைகள் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரிக்கட்டும். பிறகு, அந்தச் சைக்கிளிலிருந்து சந்திரனுக்குப் போக எத்தனை வருஷம் ஆயிற்று என்று அவர்களையே கணக்குப் போடச் சொல்லவேண்டும். 1963 முதல் 2023 வரை, அறுபது வருஷம்!

விமானி ஆக முடியாதவர்

தும்பாவின் முதல் கூட்டத்தில் தமிழர்கள் இருந்தார்கள் என்பது திருவனந்தபுரத் தமிழர்கள் பெருமையோடு நினைக்கவேண்டிய செய்தி.

ராமேஸ்வரத்துப் பையன் கலாமுக்குச் சிறுவயது முதல் ஒரே ஆசை, விமானம் ஓட்டவேண்டும் என்பது. சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்ததும் அதற்காகவே. டேராடூனில் விமானப்படைத் தேர்வுக்குப் போனார். இருபத்தைந்து பேரில் ஒன்பதாவதாக வந்தார். எட்டுப் பேரைத்தான் எடுத்தார்கள்! ஓர் இடத்தில் தவறிப்போன அந்த இளைஞர், சில ஆண்டுகளுக்குப் பின் விமானம் எட்டாத உயரத்துக்கு ராக்கெட் விடும் வேலைக்காகத் தும்பா வந்து சேர்ந்தார். தேர்வில் ஒரு மார்க் குறைந்ததற்காக மூலையில் முடங்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்ல, தும்பாவைவிட நல்ல இடம் கிடையாது.

எம்.ஐ.டி.யில் படித்த மற்றொரு சென்னைக்காரர் ஆர். ஆராவமுதன். ரேடார், ராக்கெட்டிலிருந்து வரும் சேதிகளை வாங்கிப் பதிவு செய்யும் கருவிகள் ஆகியவை அவர் பொறுப்பு. இவர்களும் இன்னும் சிலரும் அமெரிக்கா சென்று பயிற்சி பெற்றுத் திரும்பினார்கள். நகரில் லாட்ஜில் தங்கிக்கொண்டு, தினமும் தும்பாவுக்கு யாத்திரை. கடற்கரையில் தென்னையும் மணலும் தவிர வேறு எதுவும் இல்லாத காலம்.

அமெரிக்காவில் கலாம் கண்ட ஒரு காட்சியும் பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்கது. வாலப்ஸ் தீவு ராக்கெட் நிலையத்தின் வரவேற்பு அறையில் ஒரு போர்க்கள ஓவியம் மாட்டியிருந்தது. அதில் ராக்கெட் விடுகிறவர்கள் வெள்ளைக்காரர்கள் அல்ல. திப்பு சுல்தானின் வீரர்கள்! காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் 1780-ல் நடந்த போரில், ஹைதர், திப்பு படையினரின் இரும்புக் குழாய் ராக்கெட்டுகள் ஆங்கிலேயரைக் கலங்கடித்தன. இந்தியர் மறந்துவிட்டதை அமெரிக்கர் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்களே என்று கலாம் வியந்து எழுதியிருக்கிறார்.

அந்த மாலைப் பொழுது

1963 நவம்பர் 21. அமெரிக்காவின் நைக்கி-அப்பாச்சி ராக்கெட். பிரான்ஸ் நாட்டுக் கருவி. சோவியத் நாட்டு ஹெலிகாப்டர். ஒன்றோடொன்று முறைத்துக்கொண்டிருந்த வல்லரசுகள் ஒரு கேரளக் கிராமத்தில் கைகோத்து நின்றன!

தேவாலயத்தில் பூட்டப்பட்ட ராக்கெட், லாரியில் ஏற்றப்பட்டு ஏவுமிடம் வந்தது. கிரேன் அதைத் தூக்கியது. பாதியில் ராக்கெட் சாயத் தொடங்கிற்று. கிரேனில் எண்ணெய்க் கசிவு! பழுது பார்க்க நேரம் இல்லை. கூடியிருந்தவர்கள் சேர்ந்து கையாலேயே ராக்கெட்டைத் தூக்கி நிறுத்தினார்கள்.

சூரியன் மறைந்த சற்று நேரத்தில் ராக்கெட் கிளம்பிற்று. மேலே போய் அது சோடியம் ஆவியைக் கக்கியது. கீழே இருட்டு, மேலே வெயில் இன்னும் இருந்தது. அந்த வெயில் பட்டு ஆவி செம்மஞ்சளாக ஒளிர்ந்தது. மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மக்கள் அதைப் பார்த்து அதிசயித்தார்கள். அந்த மேகம் எந்தத் திசையில் கலைகிறது என்று படம் பிடித்ததன் மூலம் அந்த உயரத்துக் காற்று அளக்கப்பட்டது.

அமெரிக்க ராக்கெட்டை விட்டதோடு திருப்திப்பட்டு நிற்கவில்லை. நான்கு ஆண்டுகள் நிறைய ஒரு நாள் இருக்கையில், 1967 நவம்பர் 20 அன்று, இந்தியாவிலேயே செய்த ரோகிணி ராக்கெட் தும்பாவிலிருந்து பறந்தது. அதன் குறுக்களவு 75 மில்லிமீட்டர், மூன்று அங்குலம்தான்! தீபாவளி ராக்கெட்டின் அண்ணன் என்று சிலர் கேலி செய்தார்களாம். 1968 பிப்ரவரி 2 அன்று பிரதமர் இந்திரா காந்தி தும்பா நிலையத்தை ஐ.நா. சபைக்கு அர்ப்பணித்தார். எந்த நாட்டு விஞ்ஞானியும் அமைதிப் பணிக்காக இங்கே வந்து ஆராயலாம் என்பது அதன் பொருள்.

1971 டிசம்பர் 30 அன்று சாராபாய் கோவளத்தில் காலமானார். அதன் பின்னர் தும்பா மையத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

உள்ளே போனால்

இத்தனையும் வாசலில் நின்று சொன்ன பிறகு உள்ளே போகலாம். பழைய புகைப்படங்கள், ராக்கெட்டுகள், என்ஜின்கள், செயற்கைக் கோள்களின் மாதிரிகள் என்று வரிசையாக வைத்திருக்கிறார்கள். வெளியே தோட்டத்திலும் ராக்கெட் மாதிரிகள் நிற்கின்றன. அட்டையில் எழுதியிருக்கும் எண்களை அப்படியே படித்துக் காட்டினால் குழந்தைக்குக் கொட்டாவி வரும். தெரிந்ததை வைத்துத் தெரியாததைக் காட்டினால் கண் விரியும்.

தும்பாவில் வழக்கமாக ஏவப்படும் ஆர்.எச்.200 என்னும் சிறிய ஆய்வு ராக்கெட் சுமார் எழுபது கிலோமீட்டர் உயரம் போகிறது. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் பஸ்ஸில் எவ்வளவு தூரம் போகிறோமோ, ஏறக்குறைய அத்தனை தூரத்தை அது நட்டுக்குத்தாக மேலே போகிறது.

எஸ்.எல்.வி.3 ராக்கெட்டின் உயரம் சுமார் 23 மீட்டர். பத்மநாபசுவாமி கோவில் கோபுரம் நூறு அடி. அதாவது, இந்தியாவின் முதல் செயற்கைக் கோள் ராக்கெட் கோபுரத்தைவிடக் குட்டை. பின்னால் வந்த பி.எஸ்.எல்.வி. 44 மீட்டர், கோபுரத்தைவிட உயரம். சந்திரயான்-3-ஐச் சுமந்த எல்.வி.எம்.3 ராக்கெட்டின் எடை 640 டன். ஒரு யானை ஐந்து டன் என்று வைத்தால், திருச்சூர்ப் பூரத்து யானைகளையெல்லாம் கூட்டினாலும் போதாது. நூற்றிருபதுக்கு மேல் வேண்டும்.

செயற்கைக் கோள் பூமியைச் சுற்றவேண்டுமானால் வினாடிக்கு ஏறக்குறைய எட்டுக் கிலோமீட்டர் வேகம் தேவை. அந்த வேகத்தில் திருவனந்தபுரத்திலிருந்து சென்னைக்குப் போக ஒன்றரை நிமிஷம் கூட ஆகாது. சென்னை மெயிலில் இரவெல்லாம் உட்கார்ந்து போன தாத்தாவிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்!

"இத்தனை பெரிய ராக்கெட்டை ஏன் தும்பாவிலிருந்தே விடவில்லை?" என்று கெட்டிக்காரப் பிள்ளை கேட்கக்கூடும். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. கிழக்குப் பார்த்து விட்டால் அந்தச் சுழற்சியின் வேகமும் இலவசமாகக் கிடைக்கும். தும்பா மேற்குக் கடற்கரை. கிழக்கே விட்டால் ஊர்களின் மேல் போகவேண்டும். ஆகவே ஆந்திரக் கடலோரத்து ஸ்ரீஹரிகோட்டா தேர்ந்தெடுக்கப்பட்டு, 1971 முதல் அங்கே ராக்கெட்டுகள் ஏவப்படுகின்றன. ராக்கெட்டை வடிவமைக்கும் பணியும் சிறிய ஆய்வு ராக்கெட்டுகளும் தும்பாவிலேயே தங்கின. ஏவுவது ஸ்ரீஹரிகோட்டா என்றாலும், பிறந்த வீடு இதுதான்.

கடலில் விழுந்ததும் கதைதான்

எஸ்.எல்.வி.3 பற்றி மற்றொன்றும் சொல்லவேண்டும். அதன் திட்ட இயக்குநர் கலாம். 1979 ஆகஸ்ட் 10 அன்று முதன்முறை கிளம்பிய ராக்கெட், இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டுக் கருவி கெட்டு, சுமார் ஐந்தே நிமிஷத்தில் வங்கக் கடலில் விழுந்தது. ஏழாண்டு உழைப்பு கடலில்! பத்திரிகைக்காரர்கள் கூடிவிட்டார்கள். விண்வெளித் துறையின் தலைவர் பேராசிரியர் சதீஷ் தவான், கலாமை முன்னே விடாமல், தாமே அவர்கள் முன் போய் நின்று பொறுப்பேற்றுக்கொண்டார். பதினோரு மாதம் கழித்து, 1980 ஜூலை 18 அன்று ராக்கெட் வெற்றி பெற்று, 35 கிலோ ரோகிணி செயற்கைக் கோளைச் சுற்றுப்பாதையில் விட்டது. அன்று தவான் பின்னால் நின்றுகொண்டு, "நீங்கள் போய்ப் பேசுங்கள்" என்று கலாமை அனுப்பினார்.

குடும்பத் தலைவர்கள் இதைப் பிள்ளைகளுக்கு மட்டும் அல்ல, தங்களுக்கும் சொல்லிக்கொள்ளலாம். பிள்ளை தோற்றபோது முன்னே நிற்பவரும், வென்றபோது பின்னே நிற்பவருமே பெரியவர்.

தும்பாவுக்கும் தமிழ் மண்ணுக்கும் உள்ள உறவு கலாமோடு முடியவில்லை. 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த குமரி மாவட்டத்திலிருந்து, அரசுப் பள்ளியில் தமிழில் படித்து வந்த கே. சிவன் 2015-ல் இந்த மையத்தின் இயக்குநரானார். 2018-ல் இஸ்ரோ தலைவரானார். அதே மாவட்டத்தின் மேலக்காட்டுவிளையைச் சேர்ந்த வி. நாராயணன், வலியமலையிலுள்ள திரவ உந்து மையத்துக்குத் தலைமை வகித்த பின் 2025 ஜனவரியில் இஸ்ரோ தலைமைப் பொறுப்பை ஏற்றார். ராக்கெட் என்ஜின்கள் சோதிக்கப்படும் மகேந்திரகிரி திருநெல்வேலிச் சீமையில் இருக்கிறது. விமானப்படை விமானிகள் நால்வர் விண்வெளிப் பயணத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட செய்தி 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டதும் தும்பாவில்தான். அந்த நால்வரில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர்; பிரசாந்த் நாயர் கேரளத்தைச் சேர்ந்தவர். விமானம் பார்த்து ஆசைப்படும் குழந்தை விண்வெளிக்கே போகலாம் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

கடன் தீர்ந்ததா?

பெருமை பேசும்போது பள்ளித்துறை மக்களை மறந்துவிடக் கூடாது. கோவிலைக் கொடுத்தவர்களுக்கு ராக்கெட் திருப்பிக் கொடுத்தது என்ன?

ஆய்வு ராக்கெட் மேல்காற்றை அளக்கிறது. செயற்கைக் கோள் மேகத்தைப் படம் பிடித்து, புயல் எங்கே உருவாகிறது என்று சொல்கிறது. மீன் கூட்டம் எங்கே இருக்கக்கூடும் என்பதைக் கடல் நீரின் வெப்பத்தையும் நிறத்தையும் கொண்டு கணித்து மீனவர்களுக்கு அறிவிக்கிறார்கள். இவை பெரிய உதவிகள், சந்தேகம் இல்லை.

ஆனாலும் 2017 நவம்பர் கடைசியில் ஓக்கிப் புயல் வந்தது. பூந்துறை, விழிஞ்ஞம் முதல் குமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை வரை கடலோரக் கிராமங்கள் அழுதன. எச்சரிக்கை வருமுன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களுக்குச் சேதி எட்டவில்லை. நூற்றுக்கணக்கானவர்கள் திரும்பி வரவில்லை. அந்தக் கரை, தும்பாவிலிருந்து கூப்பிடு தூரம்! வானத்திலிருந்து புயலைப் பார்ப்பது வேறு. அந்தச் செய்தி நடுக்கடலில் ஒரு படகுக்காரன் காதில் விழுவது வேறு என்பதை அந்தப் புயல் எல்லோருக்கும் கற்பித்தது. அதன் பின்னர், இந்தியாவின் சொந்த வழிகாட்டிச் செயற்கைக் கோள்களான நாவிக் மூலம் ஆழ்கடல் படகுகளுக்கு எச்சரிக்கை அனுப்பும் கருவிகள் செய்யப்பட்டன. கருவி ஒவ்வொரு படகிலும் இருந்து, அது சொல்வதை நம்பிப் படகு கரை திரும்பும் நாள் வரும்போதுதான் அந்த "ஆமென்" என்ற சொல்லுக்குக் கடன் தீரும்.

இது பழங்கதையும் அல்ல. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் நாட்டின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. சிறிய ராக்கெட்டுகளை அங்கிருந்து நேரே தெற்கு நோக்கிக் கடலின் மேல் ஏவலாம் என்பது அந்த இடத்தின் சிறப்பு. அங்கேயும் நிலம் உண்டு, பனை உண்டு, கடற்கரையில் மீனவர் உண்டு. விண்வெளிக்கு இடம் கொடுப்பவர்கள் எப்போதும் கடலோரத்து எளிய மக்களாகவே இருக்கிறார்கள். அவர்களிடம் முதலில் போய்க் கேட்கவேண்டும், கேட்டபின் கொடுத்த வாக்கைக் காக்கவேண்டும் என்பது தும்பா தேவாலயம் கற்பிக்கும் பாடம்.

போகிறவர்களுக்கு

நகரின் மையத்திலிருந்து தும்பா பன்னிரண்டு, பதினான்கு கிலோமீட்டர். கிழக்கேகோட்டையிலிருந்தும் கழக்கூட்டத்திலிருந்தும் போகலாம். ரயிலில் வருகிறவர்களுக்குக் கொச்சுவேளி ரயில் நிலையம் பக்கம். திருவனந்தபுரம் வடக்கு என்று அதற்கு இப்போது பெயர் மாற்றியிருக்கிறார்கள். மையம் காவல் மிகுந்த இடமாகையால் பெரியவர்கள் புகைப்படத்தோடு கூடிய அடையாள அட்டையை மறவாமல் எடுத்துச் செல்லவேண்டும். திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டி விசாரித்துக்கொண்டு புறப்படுவது நலம். ஆய்வு ராக்கெட் ஏவப்படுவதைப் பொதுமக்கள் நேரில் காணவும் முன்பதிவின் பேரில் மையம் வாய்ப்பளித்து வந்திருக்கிறது. கிடைத்தால் விடக்கூடாது. ஒரு கண் இமைப்பில் மேலே போய்விடும். ஆனால் அந்தச் சத்தம் குழந்தையின் நெஞ்சில் நெடுநாள் இருக்கும்.

வயதான பாட்டி தாத்தாவையும் அழைத்துப் போகலாம். 1963-ல் மாலை வானத்தில் செம்மஞ்சள் மேகத்தைப் பார்த்தவர்கள் அவர்களிடையே இருக்கக்கூடும். அப்படி ஒருவர் வீட்டில் இருந்தால், அருங்காட்சியகத்தில் எழுதி வைத்திருப்பதைவிட அவர் வாயால் பேரப்பிள்ளைகள் கேட்பதே சிறந்தது.

கட்டடத்துக்குள் நுழையுமுன், பிள்ளைகளை ஒரு நிமிஷம் அமைதியாக நிற்கச் சொல்லுங்கள். எந்த மதத்தவராயினும் சரி, ஓர் ஊர் முழுவதும் சேர்ந்து கும்பிட்ட இடம் அது. ராக்கெட்டைப் பார்க்க அவசரப்படுவார்கள். ராக்கெட் எங்கும் போய்விடாது.